சென்னையிலிருந்து சாங்கி வழியாகச் சான்பிரான்சிஸ்கோ: சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் நெடுந்தூரம் பறப்பவருக்கு ஒரு வழிகாட்டி

சென்னையிலிருந்து அமெரிக்காவின் மேற்குக் கரைக்குச் செல்லப் பல வழிகள் உள்ளன. வளைகுடா நகரங்கள் வழியாகவும் செல்லலாம், ஐரோப்பா வழியாகவும் செல்லலாம். நான் விரும்பித் தேர்ந்தெடுப்பது சிங்கப்பூர் ஏர்லைன்ஸில், சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் வழியாகச் செல்லும் வழியை. அது எப்போதும் மலிவான வழியன்று. ஆயினும், பதினைந்து மணி நேரத்துக்கும் மேலாக ஓர் இருக்கையில் அமர்ந்திருக்க வேண்டிய பயணத்தில், கட்டணத்தோடு வேறு சில கணக்குகளும் உண்டு. இந்த நிறுவனத்தின் உபசரிப்பைப் புகழ்ந்து எழுதப்பட்டவை ஏராளம். பலரும் கவனிக்கத் தவறுவது, அந்த உபசரிப்பில் பெரும்பகுதி உரிய நேரத்தில் கேட்டுக்கொள்பவருக்கே முழுமையாகக் கிடைக்கிறது என்பதைத்தான். டிக்கெட் எடுக்கும் நாளிலும் பயணத்துக்கு முந்தைய இரண்டு நாட்களிலும் செய்யப்படும் முடிவுகளே நடுவானில் நமக்குக் கிடைக்கும் வசதியைத் தீர்மானிக்கின்றன. எக்கானமி வகுப்பில் செல்பவரை மனத்தில் கொண்டே இதை எழுதுகிறேன். மேல்வகுப்புப் பயணிக்கு வழிகாட்டி அவ்வளவாகத் தேவைப்படாது.

டிக்கெட் எடுக்கும்போது

முழுப் பயணத்தையும் ஒரே டிக்கெட்டாக எடுக்க வேண்டும் என்பதே முதல் விதி. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு ஏதேனும் மலிவு விமானத்தில் ஒரு டிக்கெட்டும், சிங்கப்பூரிலிருந்து அமெரிக்காவுக்கு மற்றொரு டிக்கெட்டும் தனித்தனியாக எடுத்தால் சில ஆயிரம் ரூபாய் மிச்சமாகலாம். ஆனால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், அந்த இழப்பு முழுவதும் நம்முடையது. ஒரே டிக்கெட்டாக இருந்தால் அடுத்த விமானத்தில் இடம் தர வேண்டிய பொறுப்பு நிறுவனத்தைச் சேர்ந்தது. பெட்டிக் கணக்கிலும் இதே வேறுபாடு உண்டு. அமெரிக்காவுக்குச் செல்லும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பயணிகளுக்கு எடைக்கணக்குக்குப் பதிலாக எண்ணிக்கைக் கணக்கு பின்பற்றப்படுகிறது. எக்கானமியில் ஆளுக்கு இரண்டு பெட்டிகள், ஒவ்வொன்றும் 23 கிலோ வரை கொண்டு செல்லலாம். ஒரே டிக்கெட்டாக இருந்தால் இந்தச் சலுகை சென்னையிலிருந்தே பொருந்தும், பெட்டிகளும் சாங்கியில் நம் கைக்கு வராமல் நேராகச் சான்பிரான்சிஸ்கோவுக்குப் போய்விடும். தனித்தனியாக எடுத்தவரோ சென்னைப் பகுதிக்குரிய குறைந்த எடைக்குள் அடங்க வேண்டியிருக்கும். சாங்கியில் குடிநுழைவைக் கடந்து, பெட்டியை எடுத்து, மறுபடியும் ஒப்படைக்கவும் நேரலாம்.

கோயம்புத்தூரிலிருந்தும் திருச்சியிலிருந்தும் புறப்படுபவர்களுக்கு, அதே குழுமத்தைச் சேர்ந்த ஸ்கூட் விமானங்கள் சிங்கப்பூர் வரை உள்ளன. அவற்றையும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் தளத்திலேயே, அமெரிக்கப் பயணத்தோடு இணைந்த ஒரே டிக்கெட்டாக எடுப்பது நல்லது.

அடுத்துப் பார்க்க வேண்டியது விமானத்தின் வகை. சிங்கப்பூருக்கும் சான்பிரான்சிஸ்கோவுக்கும் இடையே இந்த நிறுவனம் 2016 அக்டோபரில் ஏர்பஸ் ஏ350 விமானத்தைக் கொண்டு இடைநில்லாச் சேவையைத் தொடங்கியது. தூரம் ஏறத்தாழ 13,600 கிலோமீட்டர். ஏ350 விமானத்தின் உடல் பெரும்பகுதி கரியிழைக் கூட்டுப்பொருளால் ஆனது. அதனால் உள்ளே காற்றழுத்தத்தைச் சற்று உயர்த்தி வைக்க முடிகிறது. பழைய விமானங்களின் உட்புறம் 8,000 அடி உயர மலையின் மேல் இருப்பதற்கு ஒப்பான அழுத்தத்தில் இருக்கும்போது, இதில் அது 6,000 அடி அளவிலேயே நிற்கிறது. காற்றின் ஈரப்பதமும் சற்றுக் கூடுதல். இறங்கும்போது தலைவலியும் தொண்டை வறட்சியும் குறைவாக இருப்பதை வேறு விமானங்களில் அதே தூரம் பறந்தவர்கள் உணர்வார்கள். இந்நிறுவனத்தின் எக்கானமி வகுப்பு உள்ள ஏ350 விமானங்களிலேயே இரு அமைப்புகள் உள்ளன. நெடுந்தூரத்துக்குரிய 253 இருக்கைகள் கொண்ட அமைப்பில், எக்கானமிக்கு ஒரு படி மேலான பிரீமியம் எக்கானமி வகுப்பு இருக்கும். நடுத்தரத் தூரத்துக்குரிய 303 இருக்கைகள் கொண்ட அமைப்பில் அது இருக்காது. இருக்கை வரைபடத்தைப் பார்த்தே எது என்று கண்டுகொள்ளலாம்.

நேரத்தையும் யோசித்தே முன்பதிவு செய்ய வேண்டும். கால அட்டவணை பருவத்துக்குப் பருவம் மாறும் என்றாலும், சென்னையிலிருந்து இரவில் புறப்பட்டு அதிகாலையில் சிங்கப்பூரில் இறங்கி, அன்று காலையே அமெரிக்க விமானத்தில் ஏறும் இணைப்பு வழக்கமாகக் கிடைப்பது. நான் பரிந்துரைப்பதும் அதையே. இணைப்புக்கு இரண்டரை மணி முதல் நான்கு மணி வரை இருந்தால் போதும். ஒரு மணி நேர இணைப்பையும் முன்பதிவுத் தளம் அனுமதிக்கும். ஆனால் வயதான பெற்றோருடனோ கைக்குழந்தையுடனோ செல்பவர்கள் அதை ஒருபோதும் ஏற்கக் கூடாது.

இருக்கை

எக்கானமியில் ஒரு வரிசைக்கு மூன்று, மூன்று, மூன்று என ஒன்பது இருக்கைகள். முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் இடைவெளி 32 அங்குலம். மிகக் குறைந்த கட்டணத்தில் டிக்கெட் எடுத்தவர், விரும்பும் இருக்கையை முன்கூட்டியே குறிக்கத் தனியாகப் பணம் செலுத்த வேண்டும். செலுத்த மனமில்லாதவர் இணையவழிச் செக்-இன் திறக்கும் நேரத்தைக் கைப்பேசியில் குறித்து வைத்துக்கொள்ளட்டும். அது புறப்பாட்டுக்கு 48 மணி நேரத்துக்கு முன்பு திறக்கிறது.

சன்னலோரமா, நடைவழியோரமா என்பதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. நான்கு மணி நேரம் பறக்கும் சென்னை - சிங்கப்பூர்ப் பகுதியில் சன்னலோரம் நல்லது. தலையைச் சாய்த்துத் தூங்கலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள். பதினைந்து மணி நேரப் பகுதியில் நடைவழியோரமே வேண்டும். குறிப்பாக அறுபது வயதைத் தாண்டியவர்களும், நீரிழிவு உள்ளவர்களும், அடிக்கடி கழிவறைக்குச் செல்ல வேண்டியவர்களும் சன்னலுக்கு ஆசைப்பட வேண்டாம். பக்கத்தில் இருப்பவரை எழுப்பத் தயங்கித் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் பழக்கம் நம்மவர்களிடம் அதிகம். அது உடம்புக்குக் கேடு. நடு வரிசையின் நடைவழியோரத்தில் இன்னொரு நன்மையும் உண்டு. நடுவில் இருப்பவருக்கு வெளியேற இரண்டு பக்கமும் வழி இருப்பதால், நம்மை எழுப்புபவர் எண்ணிக்கை குறையும்.

ஒவ்வொரு பகுதியின் முன்வரிசையிலும் குழந்தைத் தொட்டில் மாட்டும் வசதி இருக்கும். கைக்குழந்தையுடன் செல்பவர்கள் டிக்கெட் எடுத்த அன்றே தொட்டிலைக் கேட்டுப் பதிவு செய்துவிட வேண்டும். குழந்தை இல்லாதவர்கள் கால் நீட்ட இடம் கிடைக்கிறதே என்று அந்த வரிசையைப் பிடித்தால், அழுகுரலைப் பற்றிப் பின்னர் முறையிட உரிமையில்லை.

பிரீமியம் எக்கானமிக்குக் கூடுதலாகச் செலவிடலாமா என்று பலர் கேட்பதுண்டு. அதில் இடைவெளி 38 அங்குலம், வரிசைக்கு எட்டு இருக்கைகள். இரு வழிக்கும் செலவிட இயலாதவர் ஒரு வழிக்கு மட்டும் எடுக்கலாம் என்றால், திரும்பும் பயணத்துக்கே எடுக்க வேண்டும் என்பேன். மேற்கு நோக்கி வரும்போது எதிர்க்காற்றால் பயணம் பதினாறு, பதினேழு மணி நேரமாக நீள்கிறது.

உணவு

சிறப்பு உணவு வேண்டுவோர் புறப்பாட்டுக்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பு பதிவு செய்ய வேண்டும். இந்திய முறைச் சைவ உணவு, வெங்காயமும் பூண்டும் கிழங்கு வகைகளும் இல்லாத சமண உணவு, மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் இல்லாத இந்து அசைவ உணவு, நீரிழிவு உள்ளவர்களுக்கான உணவு எனப் பல வகைகள் உள்ளன. வெறுமனே "சைவம்" என்று மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் வேகவைத்த காய்களும் இலைக்கறிகளுமாக மேற்கத்தியச் சைவ உணவு வந்து நிற்கும். "இந்திய" என்ற சொல் அதில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பதிவு செய்தபின் பயணத்தின் எல்லாப் பகுதிகளுக்கும் அது பதிவாகியுள்ளதா என்பதையும் சரிபார்க்க வேண்டும்.

சிறப்பு உணவு மற்றவர்களுக்கு முன்பாகவே வந்துவிடும். அதை நன்மை என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் சாப்பிட்டு முடித்த தட்டு, எல்லாருக்கும் பரிமாறி முடியும் வரை நம் மடி மேல் பலகையிலேயே இருக்கும், எழுந்திருக்க இயலாது. அசைவம் உண்பவர்களும், முட்டை, மீன் ஆகியவற்றில் தடை இல்லாதவர்களும் சிறப்பு உணவு கேட்காமல் வழக்கமான பட்டியலிலிருந்து தேர்ந்தெடுப்பதே மேல் என்பது என் கருத்து. பட்டியலைப் பயணத்துக்குச் சில நாட்களுக்கு முன்பே நிறுவனத்தின் செயலியில் பார்க்கலாம்.

வானில் உணவு சப்பென்று இருப்பதாகத் தோன்றுவதற்குச் சமையற்காரரை மட்டும் குறை சொல்ல முடியாது. குறைந்த அழுத்தத்திலும் வறண்ட காற்றிலும் மூக்கின் நுகர்திறன் குறைவதால், உப்பும் இனிப்பும் நாவுக்கு மங்கித் தெரிகின்றன. தக்காளியின் சுவை அவ்வளவாக மங்குவதில்லை. தக்காளிச் சாறு வானில் மட்டும் அதிகம் கேட்கப்படுவதன் காரணம் இதுதான். ஊறுகாய் இருந்தால் நன்றாயிருக்குமே என்று தோன்றும். ஆனால் இந்திய விமான நிலையங்களின் பாதுகாப்புச் சோதனையில் அதைக் கைப்பையில் கொண்டுபோக விடமாட்டார்கள். தட்டை, முறுக்கு போன்றவற்றுக்குத் தடையில்லை. இரண்டு பெரிய உணவு வேளைகளுக்கு நடுவே பசித்தால், இருக்கையில் காத்திராமல் விமானத்தின் பின்பகுதியிலுள்ள சமையற்கூடம் வரை நடந்து சென்று கேட்கலாம். சிற்றுண்டி கிடைக்கும், காலுக்கும் ஒரு நடை கிடைக்கும்.

பெட்டியும் கைப்பையும்

எக்கானமியில் கைப்பெட்டி ஒன்று, 7 கிலோ வரை. அதனுடன் மடிக்கணினிப் பை போன்ற சிறிய பை ஒன்று. சென்னையில் கைப்பெட்டியை எடை போட்டுப் பார்ப்பார்கள் என்றே எண்ணிக்கொண்டு கட்ட வேண்டும்.

பெரிய பெட்டியில் வைக்கக் கூடாதவை பற்றி ஒரு சொல். கொப்பரைத் தேங்காய், எண்ணெய்ச் சத்து மிகுந்து எளிதில் தீப்பற்றக்கூடியது என்பதால் விமானத்தில் அனுமதிக்கப்படுவதில்லை. கசகசா சிங்கப்பூரில் தடை செய்யப்பட்ட பொருள். சாங்கியில் வெளியே சென்றுவர எண்ணுபவர்கள் அதையும், மெல்லும் புகையிலை, மின் சிகரெட், சூயிங்கம் ஆகியவற்றையும் வீட்டிலேயே விட்டுச் செல்ல வேண்டும். அமெரிக்காவுக்குள் இறைச்சி கலந்த உணவுகளையும் பழங்களையும் கொண்டு செல்ல முடியாது. கைப்பையில் 350 மில்லிலிட்டர் அளவுக்கு மேற்பட்ட பொடி வகைகள் இருந்தால் அமெரிக்க விமானத்துக்கான சோதனையில் தடங்கல் வரும். ஆகவே சாம்பார்ப் பொடியும் ரசப் பொடியும் பெரிய பெட்டியிலேயே இருக்கட்டும்.

மருந்துகள் மட்டும் எக்காரணம் கொண்டும் பெரிய பெட்டிக்குள் போகக் கூடாது. பெட்டி ஒரு நாள் தாமதமாக வந்தாலும் மாத்திரை தாமதமாகக் கூடாது. மருத்துவரின் சீட்டு ஆங்கிலத்தில், மருந்தின் வேதிப்பெயரோடு இருக்க வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள், இந்திய நேரத்துக்கும் கலிபோர்னிய நேரத்துக்கும் பன்னிரண்டரை முதல் பதின்மூன்றரை மணி நேர வேறுபாடு உண்டு என்பதை மருத்துவரிடம் சொல்லி, எந்த வேளையை எப்போது போட்டுக்கொள்வது என எழுதி வாங்கிக்கொள்ளட்டும்.

பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும் என்பது பழைய விதி. 2025 ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானங்களுக்குள் அதைப் பயன்படுத்திக் கைப்பேசிக்கு மின்னேற்றுவதும், இருக்கையின் யு.எஸ்.பி. துளையில் பவர் பேங்கைச் செருகி மின்னேற்றுவதும் அனுமதிக்கப்படுவதில்லை. கைப்பேசியை நேராக இருக்கையின் துளையில் செருகிக்கொள்ளலாம். அதற்குரிய கம்பி கையெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

இவற்றோடு ஒரு சால்வை, கழுத்துத் தலையணை, பல் துலக்கும் பொருட்கள், மாற்றுச் சட்டை ஒன்று, எளிதில் மாட்டிக் கழற்றும் செருப்பு. நெடுநேரம் அமர்ந்திருந்தால் பாதம் வீங்கும் என்பதால் இறுக்கமான காலணி வேண்டாம். வெறும் காலுறையோடு விமானக் கழிவறைக்குச் செல்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கூசும். அங்கே தரையில் இருக்கும் ஈரம் தண்ணீராகத்தான் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

சாங்கியில்

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் முனையங்களிலிருந்து இயங்குகிறது. இரண்டுக்கும் இடையே கட்டணமில்லா ரயில் ஓடுகிறது, நடந்தும் செல்லலாம். இறங்கியவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, அடுத்த விமானத்தின் வாயில் எண்ணைத் திரையில் பார்த்து, அங்கே போய்ச்சேர எவ்வளவு நேரமாகும் என்று அறிந்துகொள்வது. பிறகுதான் மற்றவை. மூன்றாம் முனையத்தின் வண்ணத்துப்பூச்சித் தோட்டமும், கட்டணமில்லாத் திரையரங்கும், கால் அமுக்கும் நாற்காலிகளும், சாய்ந்து தூங்கும் ஓய்விடங்களும் இடைப்பயணிகளுக்காகவே உள்ளவை. குளிக்க விரும்புவோருக்குக் கட்டணக் குளியலறைகளும், நேரக் கணக்கில் அறை தரும் விடுதிகளும் உண்டு. சென்னையின் வியர்வையோடு ஏறியவருக்கு, அடுத்த பதினைந்து மணி நேரத்துக்கு முன் ஒரு குளியலுக்குச் செலவிடும் பணம் வீண் போவதில்லை.

40 மீட்டர் உயர உள்ளரங்க அருவி இருக்கும் ஜுவல் கட்டடம் 2019-இல் திறக்கப்பட்டது. அது குடிநுழைவுக்கு வெளியே இருக்கிறது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்குச் சிங்கப்பூர் விசா தேவை; எனினும் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடா போன்ற சில நாடுகளின் செல்லுபடியாகும் விசாவும் உறுதியான மேற்பயண டிக்கெட்டும் இருந்தால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு 96 மணி நேரம் வரை விசா இன்றி உள்ளே நுழைய இயலும். முடிவு குடிநுழைவு அதிகாரியுடையது. இடைவெளி ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் 24 மணி நேரத்துக்குள் இருப்பவர்களுக்குச் சாங்கியே கட்டணமில்லா நகரச் சுற்றுலா நடத்துகிறது. நான்கு மணி நேரத்துக்குக் குறைவாக இருப்பவர்கள் ஜுவலுக்கு ஆசைப்படாமல் உள்ளேயே இருப்பது உத்தமம்.

சாங்கியைப் புதிதாகப் பார்ப்பவர்களைத் திகைக்க வைக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. இந்த முனையங்களில் பாதுகாப்புச் சோதனை, விமானம் ஏறும் வாயிலிலேயே நடக்கிறது. எனவே கடைகளில் வாங்கிய தண்ணீர்ப் புட்டியை அங்கே காலி செய்ய வேண்டும். காலிப் புட்டியோடு சோதனையைக் கடந்து, உள்ளே இருக்கும் குடிநீர்க் குழாயில் நிரப்பிக்கொள்ளலாம். அமெரிக்க விமானங்களுக்குக் கூடுதல் கேள்விகளும் சோதனைகளும் உண்டு. அறிவிப்பில் சொல்லும் நேரத்துக்கு முன்னதாகவே வாயிலில் இருப்பது நல்லது.

பதினைந்து மணி நேரம்

விமானம் காலையில் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு, அதே தேதியில், ஏறத்தாழ அதே காலை நேரத்தில் சான்பிரான்சிஸ்கோவில் இறங்குகிறது. பன்னாட்டுத் தேதிக்கோட்டைக் கடப்பதால் நேரும் விந்தை இது. பயணி இதிலிருந்து பெற வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. சிங்கப்பூரில் காலை ஒன்பது மணி என்பது கலிபோர்னியாவில் முந்தைய நாள் மாலை. ஆகவே ஏறியவுடன் கைக்கடிகாரத்தைக் கலிபோர்னிய நேரத்துக்கு மாற்றிவிட்டு, அந்த மாலையை மாலையாகவே கழிக்க வேண்டும்; முதல் உணவை உண்டு, ஒரு படம் பார்த்து, மூன்று நான்கு மணி நேரம் விழித்திருந்து, பிறகு தூங்க வேண்டும். விமானம் கிழக்கு நோக்கிப் பறப்பதால் வெளியேயும் பகல் வெகுவிரைவில் முடிந்துவிடும். சிப்பந்திகளும் முதல் உணவுக்குப் பிறகு விளக்குகளை அணைத்துவிடுவார்கள். சொல்வது எளிது, முந்தைய இரவைச் சென்னை விமானத்தில் கழித்த உடம்பு, ஏறிய உடனேயே கண்ணைச் செருகும். அதனால் சென்னை - சிங்கப்பூர் விமானத்தில் உணவு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கிடைக்கும் மூன்று மணி நேரத்தையாவது தூங்கிவிடுவதே இந்தத் திட்டத்தின் அடித்தளம். அந்த இரவுச் சாப்பாட்டை வீட்டிலேயே முடித்துக்கொண்டு புறப்படலாம்.

தூங்கும்போது இருக்கைப் பட்டையைப் போர்வைக்கு மேலாக, வெளியில் தெரியும்படி கட்டிக்கொள்ள வேண்டும். இருக்கைப் பட்டை விளக்கு எரியும்போது சிப்பந்திகள் ஒவ்வொருவரையும் பார்த்துச் செல்வார்கள். பட்டை தெரிந்தால் எழுப்ப மாட்டார்கள். விளக்கு அணைந்திருக்கும்போதும் பட்டையைக் கழற்ற வேண்டாம். 2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூருக்கு வந்துகொண்டிருந்த இந்நிறுவனத்தின் எஸ்.க்யூ. 321 விமானம் மியன்மார் வான்வெளியில் கடுமையான காற்றுக் குலுக்கலில் சிக்கியது. ஒரு பயணி உயிரிழந்தார், பலர் காயமடைந்தனர், விமானம் பாங்காக்குக்குத் திருப்பப்பட்டது. ஐந்து நொடிக்கும் குறைவான நேரத்தில் அது 178 அடி கீழே இறங்கியதாக விசாரணையில் தெரிந்தது. பட்டை கட்டாதவர்கள் கூரையில் மோதியது அந்த நொடிகளில்தான். அதன் பிறகு இந்நிறுவனம், பட்டை விளக்கு எரியும்போது சூடான பானங்களோடு உணவு பரிமாறுவதையும் நிறுத்தி வைக்கிறது. காப்பி வரத் தாமதமானால் முகம் சுளிக்க வேண்டாம்.

நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணங்களில் காலின் இரத்தக் குழாயில் இரத்தம் உறையும் வாய்ப்பு கூடுகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடப்பதும், அமர்ந்திருக்கும்போது குதிகாலை ஊன்றி விரல்களைத் தூக்குவதும், விரல்களை ஊன்றிக் குதிகாலைத் தூக்குவதும் போதுமான பயிற்சி. அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், கர்ப்பிணிகள், முன்பே இத்தகைய தொல்லை இருந்தவர்கள் அழுத்தக் காலுறை பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். சிறுகுவளைகளில் தரும் தண்ணீர் போதாது. நிரப்பி வைத்த புட்டியைத் தீர்த்துவிட்டு மீண்டும் கேட்டு நிரப்பிக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் ஸ்லிங் என்னும் புகழ்பெற்ற மதுவகை எக்கானமியிலும் இலவசமாகவே கிடைக்கிறது. ஒன்றோடு நிறுத்திக்கொள்வது நலம், ஏனெனில் வறண்ட காற்றில் மது தூக்கத்தையும் கெடுத்து நீரையும் உறிஞ்சிவிடும்.

பணியாளர்களிடம் ஏதேனும் பெரிதாகக் கேட்க வேண்டியிருந்தால், யாரிடம் கேட்பது என்பதை உடையின் நிறமே சொல்லும். பிரெஞ்சு உடை வடிவமைப்பாளர் பியர் பால்மன் 1968-இல் அமைத்துத் தந்த சாரோங் கெபாயா உடையைத்தான் பணிப்பெண்கள் இன்றும் அணிகிறார்கள். நீலம் அணிந்தவர்கள் பணிப்பெண்கள், பச்சை அவர்களுக்கு மூத்தவர், சிவப்பு தலைமைப் பணிப்பெண், ஊதா விமானப் பயணிகள் சேவை முழுவதற்கும் பொறுப்பானவர். தண்ணீருக்கும் போர்வைக்கும் நீலம் போதும். திரை வேலை செய்யவில்லை, இருக்கை சாயவில்லை, வேறு இடம் காலியாக இருந்தால் மாற இயலுமா என்பன போன்றவற்றைப் பச்சையிடமோ சிவப்பிடமோ பணிவாகச் சொன்னால் விரைவில் வழி பிறக்கும்.

கிரிஸ்வேர்ல்ட் என்னும் திரைச் சேவையில் தமிழ்ப் படங்களும் இருக்கும். பறப்பவர்களுக்கு மைல் புள்ளிகள் தரும் இந்நிறுவனத்தின் கிரிஸ்ஃபிளையர் திட்டத்தில் உறுப்பினராகச் சேர்ந்து உறுப்பினர் எண்ணை முன்பதிவில் சேர்த்துவிட்டால், 2023 ஜூலை முதல் எல்லா வகுப்புகளிலும் வைஃபை இலவசம், சேர்வதற்கும் கட்டணமில்லை. வீட்டாருக்கு நடுவானிலிருந்தே செய்தி அனுப்ப இது போதும், காணொளி அழைப்புக்கு இதை நம்ப வேண்டாம்.

பெற்றோரை அனுப்பி வைப்பவர்களுக்கு

பிள்ளைகளைப் பார்க்கத் தனியாகச் செல்லும் தாய் தந்தையர்தாம் இந்தத் தடத்தில் பெரும்பான்மையான தமிழ் முகங்கள். நடக்க முடிந்தாலும் சக்கர நாற்காலி உதவியைக் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள். சாங்கியின் நீண்ட நடைவழிகளிலும், அதைவிட முக்கியமாகச் சான்பிரான்சிஸ்கோவின் குடிநுழைவு வரிசையிலும் அது பேருதவி. செல்லும் முகவரி, பிள்ளையின் தொலைபேசி எண், எத்தனை நாள் தங்குவார்கள் என்பது, உண்ணும் மருந்துகள், திரும்பும் டிக்கெட்டின் விவரம் ஆகியவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே தாளில் எழுதி, கடவுச்சீட்டோடு வைத்துக் கொடுங்கள். கைப்பேசியில் இருக்கிறதே என்று விட்டுவிட வேண்டாம். மின்கலம் தீர்ந்த கைப்பேசியோடு அதிகாரியின் முன் நிற்பவர் பதறிப்போவார்.

அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரிலேயே குடிநுழைவும் சுங்கமும் முடிகின்றன. அங்கிருந்து டல்லாஸுக்கோ சியாட்டிலுக்கோ மேற்கொண்டு செல்பவர்கள், சென்னையில் கடைசி ஊர் வரை சீட்டு ஒட்டப்பட்டிருந்தாலும், சான்பிரான்சிஸ்கோவில் பெட்டியை எடுத்துச் சுங்கத்தைக் கடந்து மறுபடியும் ஒப்படைக்க வேண்டும். இதைப் பெற்றோரிடம் அழுத்திச் சொல்லி அனுப்புங்கள். இந்த இணைப்புக்கு மூன்று மணி நேரமாவது விட வேண்டும். உணவுப் பொருள் இருக்கிறதா என்று சுங்கத்தில் கேட்டால் இருக்கிறது என்றே சொல்லட்டும். பொடியும் இனிப்பும் பெரும்பாலும் சிக்கலில்லாமல் போய்விடும், மறைத்தால்தான் அபராதம்.

திரும்பும்போதும் மைல்களும்

திரும்பும் விமானத்தில் தேதிக்கோடு எதிர்த்திசையில் வேலை செய்கிறது. இரவில் சான்பிரான்சிஸ்கோவில் ஏறினால் நாட்காட்டியில் ஒரு நாள் காணாமல் போய், அதற்கடுத்த நாள் காலையில் சிங்கப்பூர் வரும். சென்னையில் அழைத்துச் செல்ல வருபவர்களுக்குத் தேதியைச் சொல்லும்போது டிக்கெட்டைப் பார்த்தே சொல்லுங்கள். இந்தப் பகுதியில் ஏறியவுடன் தூங்கிவிடலாம், அதுவே உடம்புக்கும் இசைவானது.

கிரிஸ்ஃபிளையர் மைல்கள் மூன்று ஆண்டுகளில் காலாவதியாகும். மிகக் குறைந்த கட்டண டிக்கெட்டுகளில் மைல்கள் குறைவாகவே சேரும், அவற்றை மைல்களைக் கொண்டு மேல்வகுப்புக்கு உயர்த்தவும் இயலாது. ஏர் இந்தியாவும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸைப் போல ஸ்டார் அலையன்ஸ் என்னும் விமான நிறுவனக் கூட்டணியில் இருப்பதால், உள்நாட்டில் அதில் பறக்கும்போதும் இதே எண்ணைக் கொடுத்துச் சேர்த்து வரலாம். கணக்கில் மைல்கள் ஏறாவிட்டால், பறந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் கேட்டுப் பெற முடியும். டிக்கெட் எண்ணும் போர்டிங் பாஸும் தேவைப்படும் என்பதால், மைல்கள் கணக்கில் ஏறும் வரை அவற்றைக் கிழித்துப் போடாமல் வைத்திருங்கள்.